திசைகாட்டி இல்லாமல் தீவு சேர்வது எப்படி? நாகப்பட்டினம் கரையில் நின்று ஒரு முதல் பாடம்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையில் உள்ள காங்கேசன்துறை சுமார் 110 கி.மீ. ஹவாயிலிருந்து தாஹிட்டி சுமார் 4,000 கி.மீ. இந்த இரண்டாவது தூரத்தை 1976இல் ஒரு இரட்டைத் தோணி காம்பஸ், கடல் வரைபடம், கடிகாரம் எதையும் நம்பாமல் கடந்தது. மே 1 அன்று ஹவாயின் மௌயி தீவிலிருந்து கிளம்பி ஜூன் 4 அன்று தாஹிட்டியின் பப்பியேத்தே துறையில் சேர்ந்தது. தோணியின் பெயர் ஹோகுலேஆ, நீளம் 62 அடி. வழி பார்த்தவர் மாவ் பியாய்லுக். மேற்குப் பசிபிக்கில் கரோலின் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த சதவால் என்ற சின்னஞ்சிறு தீவு அவர் ஊர்.

அந்தப் பயணம் ஒரு வாதத்துக்குப் பதில். பசிபிக் தீவுகளில் மனிதர்கள் குடியேறியது தற்செயல், காற்றில் அடித்துக்கொண்டு போய் ஒதுங்கினார்கள் என்று 20ஆம் நூற்றாண்டில் பலர் எழுதினார்கள். அடித்துக்கொண்டு போகிறவன் சேப்பங்கிழங்கும் வாழைக்கன்றும் கறிப்பலாக் கன்றும் பன்றியும் கோழியும் ஏற்றிக்கொண்டு கிளம்ப மாட்டான். தைவான் பக்கமிருந்து சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்து மக்கள் கிழக்கே ஈஸ்டர் தீவு வரையும் மேற்கே மடகாஸ்கர் வரையும் பரவினார்கள். டோங்கா, சமோவா கி.மு. 800 வாக்கிலேயே குடியேறப்பட்டுவிட்டன. நியூசிலாந்துக்குப் போனது கி.பி. 1300ஐ ஒட்டி. வரலாறு இங்கே இவ்வளவு போதும். இந்தக் கட்டுரை எப்படிப் போனார்கள் என்பதைப் பற்றியது.

‘நட்சத்திரத்தைப் பார்த்துப் போவார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். நட்சத்திரம் கால் பங்குதான். மீதி முழுக்கக் கணக்குப்பிள்ளை வேலை. கிளம்பிய இடம், போன திசை, போன தூரம், நீரோட்டம் தள்ளிய தள்ளல், இவற்றைப் பேரேடு இல்லாமல் மனத்திலேயே வரவு செலவு வைத்து ஒவ்வொரு விடியலிலும் மாலையிலும் ஐந்தொகை போட வேண்டும். கணக்கு ஒருநாள் அறுந்தால் ஆள் தொலைந்தான். வழி பார்க்கிறவர் தூங்காமல் கிடப்பதும் அதனால்தான். இன்னொருவர் சுக்கான் பிடிக்கலாம், கணக்கை இன்னொருவரிடம் கொடுக்க முடியாது.

முதல் கருவி: முட்டி

கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடலும் வானமும் சேரும் கோட்டில் ஒரு முட்டியை வைத்து, அதன்மேல் மறு கை முட்டி, அதன்மேல் முதல் முட்டி என்று அடுக்கிக்கொண்டே தலைக்கு நேர் மேலே போங்கள். 9 முட்டி வந்தால் உங்கள் முட்டி 10 டிகிரி. எட்டரை வந்தால் உங்கள் கை சற்றுப் பெரியது, அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான தப்பு, மேலே போகப் போக முழங்கை மடங்குவது. மடங்கினால் முட்டி கண்ணுக்கு அருகில் வந்து பெரிதாகிவிடும், எண்ணிக்கை குறையும்.

நாகப்பட்டினம் 10.8 டிகிரி வட அகலாங்கில் (அட்சரேகையில்) இருக்கிறது. வடதிசையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அதே அளவு, அதாவது ஒரு முட்டியும் கொஞ்சமும் உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 13. கன்னியாகுமரியில் 8. துருவத்தின் உயரம்தான் அகலாங்கு. இதை மறக்காதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

எழும் புள்ளி

ஒரு நட்சத்திரம் ஆண்டு முழுக்க அடிவானத்தில் ஒரே புள்ளியில்தான் எழும். நேரம் மட்டும்தான் மாறும். தினமும் 4 நிமிடம் முந்தும், மாதத்துக்கு 2 மணி நேரம். சூரியன் இப்படி இல்லை. தையில் ஒரு பக்கம், ஆனியில் இன்னொரு பக்கம் என்று 47 டிகிரி அலைகிறது. ஆகவே திசைக்கு நட்சத்திரம் சூரியனைவிட நாணயமானது.

கரோலின் தீவு மாலுமிகள் அடிவானத்தை ஒரு வட்டமாக எண்ணி, குறிப்பிட்ட நட்சத்திரங்கள் எழும் புள்ளி, மறையும் புள்ளி ஆகியவற்றால் அதை 32 பாகமாகப் பிரித்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மணலில் பவளக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு தோணி வைப்பார்கள். அந்த நட்சத்திரங்களின் பட்டியலைப் பார்த்தால் நம் பஞ்சாங்கத்தை விரித்ததுபோல் இருக்கும். கார்த்திகை, ரோகிணி, திருவோணம், கேட்டை எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்குத் தலைமை நட்சத்திரம் திருவோணம்.

நாகை கடற்கரையில் கிழக்கு முழுக்கத் திறந்த கடல் என்பதால் இதைப் பழக வசதியான இடம். நேர்கிழக்கில் எழுவது, வேட்டைக்காரன் இடுப்புப் பட்டை என்று சொல்லப்படும் மூன்று நட்சத்திர வரிசை. அதற்கு 9 டிகிரி வடக்கே திருவோணம் எழும், ஏறத்தாழ ஒரு முட்டி. 17 டிகிரி வடக்கே ரோகிணி. 25 டிகிரி வடக்கே கார்த்திகைக் கூட்டம். தெற்குப் பக்கம் 27 டிகிரியில் கேட்டை. மறையும்போது மேற்கிலும் இதே இடைவெளி. இன்னொரு சௌகரியம், சதவால் இருப்பது 7 டிகிரி வடக்கில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்தப் புள்ளிகள் ஊருக்கு ஊர் அரை டிகிரிகூட நகர்வதில்லை. அவர்களுடைய கல் வட்டத்தை அப்படியே கொண்டுவந்து நாகையில் வைத்தால் திருத்தம் தேவைப்படாது.

பயன்படுத்தும் முறை இது. போக வேண்டிய தீவு எந்த நட்சத்திரம் எழும் புள்ளிக்குக் கீழே இருக்கிறது என்று முன்பே மனப்பாடம். இரவில் அந்த நட்சத்திரம் எழுந்ததும் தோணியின் முன்முனையை அதற்கு நேராகப் பிடி. ஒன்றரை முட்டி உயரம் வந்ததும் அதை விட்டுவிடு. அதற்குள் அதே புள்ளியில் அடுத்த நட்சத்திரம் எழுந்திருக்கும், அதைப் பிடி. அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி ஏற நம் பக்கத்தில் ஒரு மணி நேரம் ஆகும். ஆக ஓர் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரம் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் மேகம் மூடினால் பின்னால் மறைவதை வைத்துப் பிடிக்கலாம், பக்கவாட்டில் எழுவதைப் பாய்மரக் கயிற்றோடு சேர்த்தும் பிடிக்கலாம்.

ஏன் ஒன்றரை முட்டிக்கு மேல் வேண்டாம்? நட்சத்திரம் நேராக மேலே ஏறுவதில்லை, சாய்ந்து ஏறும். நாகையில் சாய்வு குறைவு. 15 டிகிரி ஏறுவதற்குள் தெற்கே 3 டிகிரிதான் நழுவும். லண்டன் பக்கம் அதே 15 டிகிரிக்கு ஏறத்தாழ 20 டிகிரி நழுவிவிடும். இந்த வித்தை வெப்பமண்டலத் தீவுகளில் முளைத்து முற்றியதற்கு இது ஒரு பெரிய காரணம். வடகடல்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று அர்த்தமில்லை, அவர்கள் வானம் சாய்ந்த வானம்.

பழகுவதற்கு மாதம் பார்த்துப் போங்கள். ஆனி தொடக்கத்தில் இரவு எட்டு மணிவாக்கில் திருவோணம் கடலிலிருந்து எழும். இடுப்புப் பட்டை அதே நேரத்தில் எழுவது கார்த்திகை மாதத்தில். ஆனால் டெல்டாவில் அப்போது மழைக்காலம், பத்து இரவு போனால் ஒன்பது இரவு மப்பு. இடுப்புப் பட்டையை எழும்போது பார்ப்பதைவிட, சித்திரைக் கடைசியில் அந்தி முடிந்ததும் அது மேற்கே மறைவதைப் பார்ப்பது எளிது.

மப்பு இரவும் நடுப்பகலும்

நட்சத்திரம் இல்லாத நேரத்தில் திசை காட்டுவது அலை. எல்லா அலையும் அல்ல. உள்ளூர்க் காற்று கிளப்பும் சில்லறை அலை காற்று மாறினால் மாறும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 3 முதல் 6 விநாடி. பல நூறு, பல ஆயிரம் கி.மீ. தள்ளி வீசும் காற்றில் பிறந்து வருவது நெட்டலை. 10 முதல் 16 விநாடிக்கு ஒன்று, நாள்கணக்கில் ஒரே திசையிலிருந்து வரும். இருக்கும் கடைசி நட்சத்திரத்தை வைத்து விடியலில் நெட்டலையின் திசையைக் குறித்துக்கொண்டால் பகல் முழுக்க அதை வைத்தே ஓட்டலாம். முன்னால் இருந்து வந்தால் தோணி முன்னும் பின்னும் தூக்கிப் போடும், பக்கத்திலிருந்து வந்தால் உருளும், மூலையிலிருந்து வந்தால் முறுக்கும். இரண்டு நெட்டலைகள் இரு திசையிலிருந்து வந்தால் அந்த முறுக்கலுக்கு ஒரு தாளம் இருக்கும். தாளம் மாறினால் தோணி திரும்பிவிட்டது என்று பொருள். கண்ணைவிட உடம்பு இதை நன்றாகச் சொல்லும் என்பதால் மாலுமிகள் படுத்துக்கொண்டு கவனிப்பது உண்டு.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள் மார்ஷல் தீவுக்காரர்கள். அவர்கள் நாடு பவளத் தீவுகளால் ஆனது, தரை பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேல். பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது. ஆனால் தீவு அலையைத் தொந்தரவு செய்யும். நெட்டலை தீவில் மோதினால் கொஞ்சம் திரும்பி வரும். இரு பக்கமும் வளைந்து சுற்றிப் போகும். தீவுக்குப் பின்னால் அமைதியான நிழல் விழும், நிழலைத் தாண்டி வளைந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று வெட்டும். வெட்டும் இடங்களைக் கோர்த்தால் தீவுக்குப் போகும் பாதை.

இதைக் கற்றுக்கொடுக்க அவர்கள் ஒரு படம் கட்டினார்கள். தென்னை மட்டையின் நடு நரம்பை மெல்லிய குச்சிகளாகச் சீவி, வளைத்து, நாரால் கட்டுவார்கள். தீவு இருக்கும் இடத்தில் சோழி. நம் வீட்டில் ஈர்க்கை வாரித் துடைப்பம் கட்டுகிறோம், அவர்கள் கடல் கட்டினார்கள். மூன்று வகை இருந்தன. மத்தாங் என்பது வெறும் பாடப்படம், எந்த உண்மையான தீவையும் குறிக்காது. மெத்தோ சில தீவுகளைக் காட்டும். ரெப்பெலிப் தீவுக்கூட்டத்தையே காட்டும். இதில் எல்லோரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. இவற்றைக் கடலுக்கு எடுத்துப் போவதில்லை. கரையில் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த நிழல் விஷயம் டெல்டாவுக்குப் புதிதல்ல. தென் இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் நெட்டலை கேரளக் கரையில் திடீரென ஏறி வீடு புகும், அங்கே அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். வேதாரண்யத்துக்குத் தெற்கே பாக் நீரிணைப் பக்கம் அது நேராக வந்து விழாது. இலங்கை முன்னால் நின்று மறைக்கிறது. கோடியக்கரை முனையில் நின்று கிழக்குப் பக்கக் கடலையும் தெற்குப் பக்கக் கடலையும் அரைமணி நேரம் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஈர்க்குப் படத்தில் சோழிக்குப் பின்னால் விழும் நிழல் எது என்று புரிந்துவிடும். வீட்டருகே பார்க்க வேண்டுமானால் கோயில் குளம் போதும். காற்றில்லாத நேரத்தில் ஒரு கல்லைப் போட்டு, நீராழி மண்டபத்தின் தூண் அருகே அலைவளையம் எப்படி வளைகிறது என்று கவனியுங்கள்.

ஓடுவது தோணியா, தீவா?

இனி தூரம். வேகத்தைக் கணிக்க எளிய வழி நுரை. தோணியில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறுக்குக் கட்டை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு நுரைக்குமிழ் முதல் கட்டையிலிருந்து இரண்டாவதுக்கு வர 5 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 7 கி.மீ.க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 4 கடல் மைல். பக்கக் காற்றில் தோணி கொஞ்சம் பக்கவாட்டிலும் நழுவும். பின்னால் விழும் நீர்த்தடத்துக்கும் தோணியின் நடுக்கோட்டுக்கும் உள்ள கோணம்தான் அந்த நழுவல்.

வேகமும் நேரமும் தெரிந்தால் தூரம் தெரியும். ஆனால் எவ்வளவு வந்துவிட்டோம் என்பதை எண்ணாக வைத்துக்கொள்வதில்லை கரோலின் மாலுமிகள். அவர்கள் முறைக்கு ஏத்தாக் என்று பெயர். இந்தக் கலையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாம் நிற்கிறோம், தென்னைமரம் பின்னால் ஓடுகிறது. ஏத்தாக்கும் அதுதான். தோணி அசையாமல் நிற்கிறது. நட்சத்திரங்கள் எழுந்து மறையும் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தீவுகள் நழுவுகின்றன. போகும் வழிக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள ஒரு மூன்றாவது தீவைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது இப்போது எந்த நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் என்று மனத்தில் நகர்த்திக்கொண்டே வருகிறார்கள். ஒரு நட்சத்திரப் புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அது நகர்ந்தால் பயணத்தில் ஒரு பாகம் முடிந்தது.

நம் கடலில் வைத்துப் பார்க்கலாம். (மனக்கணக்குக்கு மட்டும். நடுவில் எல்லைக் கோடு இருப்பது இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.) நாகையிலிருந்து காங்கேசன்துறை தெற்கே, சற்றுக் கிழக்குச் சாய்வு. சாட்சி கோடியக்கரை. கிளம்பும்போது கோடியக்கரை நேர்தெற்கில், திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும் இடத்துக்குக் கீழே. பாதி வழியில் அது நேர்மேற்கில், இடுப்புப் பட்டை மறையும் புள்ளிக்குக் கீழே. காங்கேசன்துறை நெருங்கும்போது வடக்குக்குச் சற்று மேற்கே, சப்தரிஷி மறையும் பக்கம். கோடியக்கரையை ஒருதடவைகூடக் கண்ணால் பார்க்காமல், அது எங்கே நிற்கிறது என்று கை நீட்டிச் சொல்ல முடிந்தால் நீங்கள் வழியில் எங்கே இருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

இதில் ஒரு கோளாறும் இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் முறை புரியும். கோடியக்கரை நம் நேர்வழிக்கு 10 கி.மீ. பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் முதல் 40 கி.மீ.க்கு அது தெற்குப் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு 20 கி.மீ. ஓட்டத்துக்குள் தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு எல்லாம் ஓடி முடித்துவிடும். பாகங்கள் சமமாக விழாது. சாட்சித் தீவு நல்ல தூரத்தில் இருந்தால்தான் நிதானமாக நகரும். தேர்ந்த மாலுமி அப்படிப்பட்ட தீவாகப் பார்த்து எடுப்பார். கிளம்பிய தீவு கண்ணிலிருந்து மறையும் வரை, சுமார் 10 கடல் மைல், முதல் பாகம். அதன் பறவைகள் எட்டும் தூரம், சுமார் 20 கடல் மைல், இரண்டாம் பாகம். சேரும் பக்கத்திலும் இதே இரண்டு.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நீரோட்டம். காற்று முகத்தில் படும், அலை உடம்பில் படும், நீரோட்டம் எதிலும் படாது. தோணியும் சுற்றியுள்ள தண்ணீரும் சேர்ந்தே நகர்வதால் நடுக்கடலில் அதை உணர வழியில்லை. கிளம்பும்போதே பிடிக்க வேண்டும். கரையில் ஒரு கோபுரம், ஒரு கலங்கரை விளக்கம் என்று முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு நேராக ஓட்டுங்கள். கோடு பிரியத் தொடங்கினால் நீர் தள்ளுகிறது, பிரியும் பக்கமும் வேகமும் தள்ளலின் அளவைச் சொல்லும். நம் கரையோர ஓட்டம் ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே இழுக்கும், மாசி, பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். மாதம் தெரியாமல் போட்ட கணக்கு பாதிக் கணக்கு.

புள்ளியைப் பெரிதாக்குதல்

இரண்டு கி.மீ. அகலத் தீவை 500 கி.மீ. தள்ளி இருந்து குறிவைத்து யாரும் அடிப்பதில்லை. குறியைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். நீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உங்கள் கண், தீவில் 20 மீட்டர் தென்னை என்றால் சுமார் 20 கி.மீ.யில் தென்னந்தலை தெரியும். ஆலா இனப் பறவைகள் சில காலையில் தீவிலிருந்து கிளம்பி 20, 25 கடல் மைல் போய் மீன் பிடித்து மாலையில் கூட்டுக்குத் திரும்பும். இப்போது தீவைச் சுற்றி 40 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். 2 கி.மீ. தீவு 80 கி.மீ. ஆகிவிட்டது. 500 கி.மீ.யிலிருந்து இடப்பக்கம் நாலரை டிகிரி, வலப்பக்கம் நாலரை டிகிரி தவறினாலும் வட்டத்துக்குள் விழுவீர்கள்.

பறவை பார்ப்பதில் நேரம் முக்கியம். நடுப்பகலில் மீன்மேல் வட்டமிடும் கூட்டம் எதையும் சொல்லாது. மாலையில் வளையாமல், தாழ்வாக, ஒரே நேர்கோட்டில் பறப்பது கரைக்குப் போகிறது. காலையில் வருவதாக இருந்தால் அது வந்த திசையில் கரை. வலசைப் பறவையைப் பின்தொடர்ந்தால் கதை முடிந்தது. கோடியக்கரைக்கு வரும் வலசைப் பறவைகள் எத்தனை ஆயிரம் கி.மீ. தாண்டி வருகின்றன என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும். பறவையைக் கூடவே கொண்டுபோய்ப் பறக்கவிட்டு, அது போகும் பக்கம் திருப்புவது இலங்கை மாலுமிகளின் வழக்கம் என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

மேகமும் உதவும். மற்ற மேகமெல்லாம் நகர, ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நின்றால் அதற்குக் கீழே தரை இருக்க வாய்ப்பு உண்டு. ஆழமில்லாத பவளக் காயலுக்கு மேலே நிற்கும் மேகத்தின் அடிப்பக்கம் லேசாகப் பச்சை காட்டும்.

தனித் தீவைவிடத் தீவு வரிசையைக் குறிவைப்பது இன்னும் நல்லது. ஹோகுலேஆ நேராகத் தாஹிட்டிக்குப் போகவில்லை. முதலில் துவாமோத்து தீவு வரிசையில் உள்ள மதாய்வா என்ற தீவைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இடம் உறுதியானது, பிறகு தாஹிட்டி. நாகையிலிருந்து கிழக்கே பார்த்தால் நமக்கும் அப்படி ஒரு வலை விரித்திருக்கிறது. அந்தமான், நிக்கோபார் வரிசை வடக்குத் தெற்காக 700 கி.மீ.க்கு மேல் நீளம், தூரம் சுமார் 1,400 கி.மீ. நேர்கிழக்கே பிடித்து 5 டிகிரி தவறினால் விலகல் 120 கி.மீ. அப்படியும் ஏதோ ஒரு தீவின் வட்டத்தில் விழலாம். இந்த வரிசையின் நடுவே 150 கி.மீ. அகலத்தில் பத்து டிகிரிக் கால்வாய் இருக்கிறது. அதில் புகுந்தால் மட்டும் எதையும் பார்க்காமல் கடந்துவிட வாய்ப்பு உண்டு. 1025இல் கடாரம் சென்ற ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது இந்த நிக்கோபார்தான்.

இன்னொரு தந்திரம், வேண்டுமென்றே தப்பாகக் குறிவைப்பது. திரும்பி நாகைக்கு வரும்போது நேராக நாகையைப் பிடித்தால் என்ன ஆகும்? டெல்டாக் கரை தட்டை. மலை கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் வேதாரண்யமும் ஒன்று, தரங்கம்பாடியும் ஒன்று, எல்லாம் ஒரே பனைவரிசை. கரை தெரிந்தபின் இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்பதே தெரியாது. அதனால் வாடைக் காலத்தில் காரைக்காலுக்கும் வடக்கே குறிவைக்க வேண்டும். கரை கண்டதும் யோசிக்காமல் தெற்கே திருப்பலாம், காற்றும் நீரும் அந்தப் பக்கமே தள்ளும். காற்று தள்ளும் பக்கம், அதாவது நாகைக்குத் தெற்கே தப்பினால் காற்றை எதிர்த்துத் திரும்பி ஏறுவது நாள்கணக்கு வேலை. இப்படி அடையாளமில்லாத கரை என்பதால்தான் நாகையில் சீனா கோபுரம், புதுவெளிக் கோபுரம் என்றெல்லாம் அழைக்கப்பட்ட பழைய செங்கல் கட்டடம் கப்பல்காரர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள்.

அகலாங்கும் முடிச்சுக் கயிறும்

கிழக்கு மேற்கில் எவ்வளவு வந்தோம் என்பதை வானம் சொல்லாது. வடக்குத் தெற்கைச் சொல்லும். ஒரு தீவுக்கு நேர் மேலே கடக்கும் நட்சத்திரம் தெரிந்தால், அது உங்கள் தலைக்கு மேல் கடக்கும்போது நீங்கள் அந்தத் தீவின் அகலாங்கில் இருக்கிறீர்கள். ஹவாய்க்கு இன்று அப்படிப்பட்ட நட்சத்திரம் சுவாதி. ஹோகுலேஆ என்பது சுவாதிக்கு ஹவாய் மொழிப் பெயர். நம் பக்கத்தில் மகம். கும்பகோணத்தில் மாசி மகத்தன்று நள்ளிரவை ஒட்டி மகம் உச்சிக்கு வரும்போது தலைக்கு நேர் மேலிருந்து ஒரு டிகிரிதான் தள்ளி நிற்கும். முழுநிலவு பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருக்கும், ஆகவே பார்க்க வேண்டுமானால் பத்து நாள் கழித்துப் பாருங்கள், நாற்பது நிமிடம் முன்னால். உச்சியை அண்ணாந்து மதிப்பிடும்போது எல்லோரும் சில டிகிரி தவறுவார்கள். மல்லாந்து படுத்து, தலையை ஒருமுறை வடக்கிலும் ஒருமுறை தெற்கிலும் வைத்துப் பார்த்தால் தவறு குறையும்.

நிலநடுக்கோட்டைத் தாண்டினால் துருவம் மறைந்துவிடும். அங்கே திரிசங்குதான் அளவுகோல். அதன் தலை நட்சத்திரத்துக்கும் கால் நட்சத்திரத்துக்கும் இடைவெளி 6 டிகிரி. ஹவாயில் அது நிமிர்ந்து நிற்கும்போது காலுக்கும் அடிவானத்துக்கும் அதே 6 டிகிரி. நாகையில் கால் 16 டிகிரி உயரத்தில் நிற்கும். வைகாசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் கோடியக்கரையின் தென்கரையில் அளந்து பார்க்கலாம். 1980இல் ஹோகுலேஆவை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பிய நைனோவா தாம்சன் இப்படிப்பட்ட நட்சத்திர இணைகளைக் கோளரங்கத்தில் உட்கார்ந்து தேடித் தேடிச் சேர்த்தவர். அவருக்கு வழிகாட்டியவர் மாவ்.

நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் இதற்குக் கருவியே வைத்திருந்தார்கள். ஒரு சிறு மரப்பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட கயிறு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்கப் பலகையை முன்னால் பிடிக்க வேண்டும். பலகையின் அடிவிளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவத்திலும் தொட்டால் அந்தத் துறைமுகத்தின் அகலாங்குக்கு வந்துவிட்டீர்கள். 19ஆம் நூற்றாண்டிலும் இது புழக்கத்தில் இருந்தது.

செய்வது எளிது. 6 செ.மீ. உயரப் பலகை எடுத்துக்கொண்டால், பலகையிலிருந்து கண் இருக்கும் தூரம் சென்னைக்கு 26.1 செ.மீ., பூம்புகாருக்கு 30.8, நாகைக்கு 31.7, கோடியக்கரைக்கு 33.4, காங்கேசன்துறைக்கு 35, கன்னியாகுமரிக்கு 42.5. பல் கண்ணுக்குக் கீழே, சற்று முன்னால் இருப்பதால் இந்த எண்களை அப்படியே நம்பாமல், நாகைக் கரையில் ஒருமுறை துருவத்தை வைத்துச் சரிபார்த்து, வரும் வித்தியாசத்தை எல்லா முடிச்சுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம், சூரியன் மறைந்து சுமார் 40 நிமிடம் கழித்து. அதற்கு முன்னால் துருவம் தெரியாது, அதற்குப் பின்னால் அடிவானம் தெரியாது. துருவம் உண்மையான வடதுருவப் புள்ளியிலிருந்து இன்று முக்கால் டிகிரிக்கும் குறைவாக விலகிச் சுற்றுகிறது. அந்த விலகலே 70 கி.மீ. வரை பிழை தரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்தில், அது 6 டிகிரி அளவுக்கு விலகி இருந்தது. அப்போது துருவத்தை எந்த நேரத்தில் அளப்பது என்பதே தனிப் பாடம்.

கயிற்றில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பருத்திக் கயிறு ஈரம்பட்டால் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் போதும், காங்கேசன்துறை முடிச்சு நாகப்பட்டினம் முடிச்சு இருந்த இடத்துக்கு வந்துவிடும். கயிற்றைக் கடல்நீரில் ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்து, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு முடிச்சைப் போடுங்கள்.